பெட்டி வராத தீவில் ஒரு வாரச் சமையல்



நம் தீவுகளில் மாலைப்பொழுது சீக்கிரமே முடிந்துவிடுகிறது. ஐந்தரை மணிக்கெல்லாம் இருள் சூழத் தொடங்கும். அந்த வேளையில் நம் இல்லங்களில் தவறாமல் எழும் ஒரு கேள்வி உண்டு. "இன்று இரவு என்ன சமையல்?" என்பதே அது. பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் கேட்பார்கள். வேலையிலிருந்து திரும்பிய கணவர் கேட்பார். கேட்பவர்கள் பலர், பதில் சொல்ல வேண்டியவரோ ஒருவரே.

அந்த ஒருவர் காலையில் கண்விழித்தது முதல் இக்கேள்வியை மனதில் சுமந்துகொண்டிருக்கிறார். வீட்டில் என்ன இருக்கிறது? எது தீர்ந்துபோயிற்று? எந்தக் காய் நாளைக்குள் வாடிவிடும்? யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது? இத்தனையையும் எண்ணிப் பார்த்த பிறகே அவர் அடுப்பைப் பற்றவைக்கிறார். அடுப்பில் நடக்கும் வேலையை நாம் காண்கிறோம். அதற்கு முன் அவர் மனதில் நடக்கும் வேலையைக் காண்பவர் யார்?

இந்தச் சுமையைக் காசு கொடுத்து இறக்கிவைக்கலாம் என்று சொல்லும் ஒரு வியாபாரம் 2007 முதல் உலகின் பல நகரங்களில் நடந்து வருகிறது. அது நம் தீவுகளுக்கு வந்து சேரவில்லை. ஆயினும் அதிலிருந்து நம் குடும்பங்கள் கற்றுக்கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வாசலுக்கு வரும் பெட்டி

மெல்போர்னிலோ டொராண்டோவிலோ உங்கள் பிள்ளைகளோ உறவினர்களோ இருப்பார்களானால் இதைக் குறித்துக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'மீல் கிட்' என்று அதற்குப் பெயர். நாம் சமையல் பெட்டி என்றே சொல்லுவோம். இது ஓட்டலிலிருந்து வரும் சமைத்த உணவன்று. சமைப்பதற்கு வேண்டிய பொருள்கள், சரியாக அளக்கப்பட்டு, வாரம் ஒருமுறை வாசலுக்கு வருகின்றன. சமைக்க வேண்டியவர்கள் வீட்டாரே.

முதலில் வீட்டார் தங்கள் எண்ணிக்கையைச் சொல்லவேண்டும். பின்பு அந்த வாரத்திற்கான உணவுப் பட்டியலிலிருந்து மூன்று அல்லது நான்கு உணவுகளைத் தெரிந்தெடுக்க வேண்டும். குறித்த நாளில் குளிர்காப்பு உறையும் பனிக்கட்டிப் பொதியும் வைத்த அட்டைப்பெட்டி வந்துவிடும். அதற்குள் ஒவ்வொரு உணவுக்கும் வேண்டியவை தனித்தனியாக இருக்கும். இரண்டு பல் பூண்டு தேவையென்றால் இரண்டு பல்லுக்கு உரியதே இருக்கும். ஒரு கரண்டி மசாலா தேவையென்றால் ஒரு கரண்டியே சிறு பொட்டலத்தில் இருக்கும். கூடவே ஒரு செய்முறை அட்டை வரும். முதலில் என்ன, அடுத்து என்ன என்று படங்களுடன் ஐந்தாறு படிகளில் அது சொல்லிக்கொடுக்கும். எண்ணெய், உப்பு போன்ற சிலவற்றை மாத்திரம் வீட்டார் வைத்திருந்தால் போதும்.

2007 இல் சுவீடன் தேசத்தில் 'மிடாக்ஸ்ஃப்ரிட்' என்ற நிறுவனம் இதைத் தொடங்கியது. அதை ஆரம்பித்தவர் கிக்கி தியாண்டர் என்ற பெண்மணி. வேலைக்குச் செல்லும் பெற்றோர், மாலையில் என்ன சமைப்பது என்று தவிப்பதே அவருடைய வியாபாரத்தின் அஸ்திபாரமாயிற்று. 2011 இல் ஜெர்மனியின் பெர்லின் நகரில் 'ஹெலோஃப்ரெஷ்' தோன்றியது. 2012 இல் அமெரிக்காவின் நியூயார்க்கில் 'புளூ ஏப்ரன்' தோன்றியது. 2020 இல் கொள்ளைநோய் காரணமாக உலகம் வீட்டிற்குள் அடைபட்டபோது இப்பெட்டிகளின் விற்பனை பெருகியது. ஹெலோஃப்ரெஷ் நிறுவனத்தின் 2022 ஆம் ஆண்டு வருவாய் ஏறக்குறைய 760 கோடி யூரோ.

எனினும் எல்லாருக்கும் ஏற்றமே கிடைத்துவிடவில்லை. 2017 இல் பங்குச் சந்தையில் நுழைந்த புளூ ஏப்ரன், 2023 இல் வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. முதல் சில வாரங்களுக்குக் கிடைக்கும் விலைச்சலுகை தீர்ந்தவுடன் அநேக குடும்பங்கள் பெட்டியை நிறுத்திவிடுவதே இவ்வியாபாரத்தின் பெரும் சங்கடம். அமெரிக்காவில் ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 10 டாலர் ஆகிறது. நம் பணத்தில் 800 ரூபாய்க்கு மேல். நான்கு பேர் உள்ள வீட்டிற்கு ஒரு வேளைக்கு எவ்வளவு என்று நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். மேலும், வேண்டாம் என்று குறித்த நாளுக்குள் சொல்லாவிட்டால் அடுத்த வாரப் பெட்டி தானாகவே வந்து நிற்கும். பணமும் கணக்கிலிருந்து போய்விடும். வெளிதேசத்தில் வாழும் உங்கள் பிள்ளைகள் இதில் சேருவார்களானால், நிறுத்தும் விதத்தை முதலில் அறிந்துகொள்ளும்படி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

பெட்டி எதை விற்கிறது?

அரிசியும் காயும் எங்கும் கிடைக்கின்றன. அப்படியிருக்க, மக்கள் ஏன் இவ்வளவு விலை கொடுக்கிறார்கள்? சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். பெட்டி இரண்டு காரியங்களை விற்கிறது. ஒன்று, என்ன சமைப்பது என்ற தீர்மானம். மற்றொன்று, எவ்வளவு போடுவது என்ற அளவு. இவ்விரண்டும் முன்னதாகவே முடிந்துபோனபடியினால், அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்த எவரும் அன்றைய சமையலைச் செய்துவிடலாம். கணவர் செய்யலாம். பதினைந்து வயதுப் பிள்ளை செய்யலாம். "மஞ்சள்தூள் எங்கே?", "உப்பு எவ்வளவு?" என்று எவரையும் கூவி அழைக்க வேண்டியதில்லை.

அளந்து வருவதில் இன்னொரு நன்மையும் உண்டு. 2019 இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்து உணவுகளைப் பெட்டியின் மூலமாகவும் கடையில் வாங்கிய பொருள்களைக் கொண்டும் செய்வதை ஒப்பிட்டார்கள். பெட்டியில் அட்டையும் பிளாஸ்டிக்கும் அதிகம். ஆகிலும் கடைப் பொருள்களால் செய்த உணவே, புவியை வெப்பமாக்கும் வாயுக்களைச் சராசரியாக 33 சதவீதம் அதிகமாக உண்டாக்கியது என்று கண்டார்கள். வாங்கி, உபயோகிக்காமல் எறியும் உணவு அதற்கு ஒரு முக்கிய காரணம். வனாந்தரத்தில் மன்னாவுக்கும் ஆளுக்கு ஓர் ஓமர் என்ற அளவு இருந்ததையும், மீத்து வைத்தது புழுத்துப்போனதையும் வேதம் வாசிக்கிற நாம் அறிந்திருக்கிறோம் அல்லவா?

அளந்து கட்டிய பொருள்கள் நமக்கு முற்றிலும் புதியவை அல்ல. நம் தாய்மார்களின் அஞ்சறைப் பெட்டி என்ன? ஒரு தாளிப்புக்கு வேண்டிய யாவும் கைக்கெட்டும் இடத்தில் வைத்த சிறு பெட்டிதானே! 2022 ஆம் ஆண்டு தமிழக அரசு குடும்ப அட்டைதாரர்களுக்குக் கொடுத்த 21 பொருள்கள் கொண்ட தொகுப்பை ஊரிலுள்ள உங்கள் உறவினர் வாங்கியிருப்பார்கள். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, முந்திரி, திராட்சை, ஏலக்காய், நெய் என்று ஒரு பானைக்கு வேண்டியவை ஒரே பையில் இருந்தன. தெருமுனைக் கடையில் விற்கும் இட்லி மாவும், நறுக்கிக் கட்டிய காய்களும் இதே வழியில் வந்தவையே. தமிழகத்தில் காய்க்காரர் வாசலுக்கே வருகிறார். மாவு தெருமுனையில் கிடைக்கிறது. அங்கே பெட்டியின் தேவை அவ்வளவாக இல்லை. ஆனால் தீவில் வாழும் நம்முடைய நிலைமை வேறு.

கடல் நடுவே

சென்னையிலிருந்து நம் தீவுத் தலைநகருக்குக் கடல்வழி சுமார் 1,200 கிலோமீட்டர். கப்பல் வந்துசேர ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயர் என்ற பெயர் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. கப்பல் வரும் தூரம் மாறவில்லை. வெங்காயமும் உருளைக்கிழங்கும் பருப்பும் கடல் கடந்துதான் நமக்கு வரவேண்டும். முன்பு நீல் தீவு என்றும், 2018 முதல் ஷகீத் தீவு என்றும் அழைக்கப்படும் தீவிலிருந்து காய்கறிகள் வருகின்றன. தேங்காயும் வாழையும் மரவள்ளியும் இங்கேயே விளைகின்றன. ஆயினும் வருடத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில், மே முதல் டிசம்பர் வரை காய் பயிரிடுவது எளிதன்று. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த ஆழிப்பேரலையையும் நிலம் தாழ்ந்ததையும் நாம் மறக்கவில்லை. சிப்பிகாட் பகுதியில் நெல் விளைந்த வயல்கள் இன்றும் கடல்நீருக்குள் கிடக்கின்றன.

2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் நம் தீவுகளுக்கும் இடையே ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கம்பிவடம் திறந்துவைக்கப்பட்டது. அதன் பயனாக, மெல்போர்னில் ஒருவர் சமைப்பதை நாம் அப்பொழுதே கைப்பேசியில் காண்கிறோம். காட்சி நொடியில் வந்துவிடுகிறது. கத்தரிக்காய் மூன்று நாள் கழித்துத்தான் வருகிறது. பனிக்கட்டிப் பொதியோடு அனுப்பிய பெட்டி கப்பலில் ஏறி, துறைமுகத்தில் இறங்கி, பின்பு ரங்கத்துக்கோ ஹட் பேவுக்கோ போய்ச் சேருவதற்குள் கீரை என்னவாகும்? வானிலை கெட்டால் தீவுக்குத் தீவு செல்லும் படகுகளும் நின்றுவிடும். 2016 டிசம்பரில் கடல் கொந்தளித்தபோது ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் வெளியேற வழியின்றிச் சில நாட்கள் சிக்கியிருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே பெட்டி நம்மிடம் வரப்போவதில்லை. ஆனால் பெட்டியில் இருந்த தீர்மானமும் அளவும் கப்பலில் வரவேண்டியவை அல்லவே! அவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. நம் தாயின் மனதிலும், மனைவியின் கையிலும் இருக்கின்றன. அவற்றை வெளியே எடுத்துவைக்க நாம் இதுவரை முயன்றதில்லை.

அவர் இல்லாத மூன்று வாரம்

இது ஏன் அவசியம்? தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024 இல் நடத்திய காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் அதற்காக ஒரு நாளில் 289 நிமிடங்களைச் செலவிட்டார்கள். அவ்வேலைகளில் ஈடுபட்ட ஆண்களோ 88 நிமிடங்களைச் செலவிட்டார்கள். சென்றடைய அரிதான அந்தமான் நிக்கோபார் கிராமங்கள் சில அக்கணக்கில் சேரவில்லை. சேர்ந்திருந்தால் மாத்திரம் நம் வீட்டுக் கணக்கு மாறியிருக்குமா? உங்கள் மனச்சாட்சியே பதில் சொல்லட்டும்.

2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இத்தீவுகளில் வாழ்ந்த 3,80,581 பேரில் 57,830 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். நம்மில் அநேகர் பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்தவர்கள் அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஊரில் இருந்தால் அவசரத்துக்கு அம்மா வருவார், அத்தை வருவார், பக்கத்து வீட்டு அக்கா ஒரு பாத்திரத்தில் குழம்பு கொண்டுவந்து வைப்பார். இங்கே அந்தக் கைகள் குறைவு. வீட்டின் முழுச் சமையலும் ஒருவர் கையிலேயே நிற்கிறது.

இப்பொழுது இதை எண்ணிப் பாருங்கள். அந்த ஒருவர் பிரசவத்துக்காகத் தாய்வீடு செல்கிறார். அல்லது மேல்சிகிச்சைக்காகச் சென்னைக்குப் போகவேண்டியதாகிறது. போக ஒரு வாரம், வர ஒரு வாரம், நடுவே ஒரு வாரம் என்று மூன்று வாரம் ஆகிவிடுகிறது. வீட்டில் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். அலமாரியில் அரிசி இருக்கிறது, பருப்பு இருக்கிறது, டப்பாக்களில் பொடிகள் இருக்கின்றன. எந்த டப்பாவில் எது என்று தெரியவில்லை. எதை எவ்வளவு போடவேண்டும் என்பதும் தெரியவில்லை. முதல் வாரம் ஓட்டல் சாப்பாடு. இரண்டாம் வாரம் நூடுல்ஸ். மூன்றாம் வாரம் பிள்ளைக்கு வயிற்றுக்கோளாறு. அந்தத் தாயோ மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும்போதும் கைப்பேசியில், "மூன்றாவது டப்பா, அதுதான் சாம்பார் பொடி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வியாதியிலும் இளைப்பாற முடியாதபடி ஒருவரை வைத்திருப்பது அன்பாகுமா? அவருடைய கைப்பக்குவத்தைப் புகழ்கிறோம். ஆனால் அதைக் கற்றுக்கொள்ள ஒருநாளும் அருகில் நின்றதில்லை.

ஒரு வாரம் செய்து பாருங்கள்

ஆகையால் வருகிற வாரம் உங்கள் இல்லத்தில் ஒரு சோதனை செய்யுங்கள். ஏழு நாளும் வேண்டாம். சமையல் பெட்டிகளைப் போலவே மூன்று வேளை போதும். செவ்வாய் இரவு, வியாழன் இரவு, ஞாயிறு மதியம் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: அளவெடுத்தல். இதற்கு முந்தின வாரத்தில், வீட்டில் சமைப்பவர் வழக்கம்போல் சமைக்கட்டும். கணவரோ பிள்ளையோ ஒரு தேக்கரண்டியும் ஒரு டம்ளரும் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுத்துக்கொண்டு அருகில் நிற்கட்டும். "எவ்வளவு உப்பு போடுவீர்கள்?" என்று கேட்டால் அவரால் சொல்ல முடியாது. "கண் அளவுதான்" என்பார். ஆகவே கேட்கவேண்டாம். அவர் கையில் அள்ளிய உப்பு பாத்திரத்தில் விழுமுன் அதைக் கரண்டியில் வாங்கி அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புளியை உருட்டினால் அதை எலுமிச்சை அளவா, நெல்லி அளவா என்று பார்த்து எழுதுங்கள். அநேக ஆண்டுகளாக அவர் கையில் மாத்திரம் இருந்த அளவு அன்றைக்குத்தான் முதன்முறையாகக் காகிதத்துக்கு வருகிறது. இது ஒரு சிறிய காரியம் என்று எண்ணாதிருங்கள். தாயார் உயிரோடிருக்கையில் எழுதிவைக்காமல், பின்பு அந்தக் குழம்பின் ருசியைத் தேடித் தவிக்கிறவர்கள் எத்தனை பேர்!

இரண்டாம் வேலை: தீர்மானம். குடும்பமாக உட்கார்ந்து மூன்று உணவுகளை முடிவு செய்யுங்கள். தீவுக்கு ஏற்ற ஒரு மாதிரி இதோ. அளவுகள் நான்கு பேருக்கு உரியவை. உங்கள் வீட்டு நோட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

செவ்வாய்: காராமணிக் குழம்பும் சோறும். காராமணி 150 கிராம். முந்தின இரவே ஊறவைக்க வேண்டும். எலுமிச்சை அளவு புளி, குழம்புத்தூள் 2 மேசைக்கரண்டி, பூண்டு 8 பல். வெங்காயம் ஒன்றைத் தவிர மற்ற யாவும் கெடாமல் இருப்பவை. கப்பல் தாமதித்த வாரத்திலும் இதைச் சமைக்கலாம்.

வியாழன்: மீன் குழம்பு. புளி, தூள், பூண்டு, சின்ன வெங்காயம் ஆகியவை முன்னதாகவே எடுத்துவைக்கப்பட்டிருக்கும். அரைக் கிலோ மீனை மாத்திரம் அன்றைக்கே வாங்கிக்கொள்ள வேண்டும். கடல் சூழ்ந்த ஊரில் மீனுக்காகக் கப்பலை எதிர்பார்க்க வேண்டியதில்லை. சூரையோ வேறெதுவோ, அன்றைக்கு மலிவாகக் கிடைப்பது போதும்.

ஞாயிறு: முருங்கைக்காய் சாம்பார். துவரம்பருப்பு 100 கிராம், சாம்பார் பொடி 3 தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, நெல்லி அளவு புளி, முருங்கைக்காய் 2, தக்காளி 2. மூன்று நாளும் சோற்றுக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி.

மூன்றாம் வேலை: பெட்டி கட்டுதல். திங்கள் மாலை குடும்பமாக உட்கார்ந்து, ஒவ்வொரு உணவுக்கும் வேண்டிய உலர்ந்த பொருள்களை அளந்து தனித்தனி டப்பாவில் வையுங்கள். டப்பாவின்மேல் கிழமையை எழுதி ஒட்டுங்கள். அதற்குள்ளேயே செய்முறைத் தாளையும் மடித்து வையுங்கள். காகிதப் பொட்டலம் இங்கே உதவாது. நம் மழைக்காலக் காற்றில் பொடி ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும்; மூடி இறுகிய எவர்சில்வர் டப்பாவே நல்லது. உப்பை முன்னதாக அளந்து பொடியோடு வைக்கவேண்டாம். அது நீரை இழுத்துவிடும். காயை நறுக்கி வைக்கவேண்டாம். தேங்காயைத் துருவி வைக்கவேண்டாம். இவையெல்லாம் சமைக்கும் நேரத்திற்குரியவை. பிளாஸ்டிக் பைகளையும் தவிர்த்துவிடுங்கள். இச்சிறு தீவில் சேருகிற குப்பையைக் கொண்டுபோய்ப் போட நமக்கு வேறு இடம் ஏது?

நான்காம் வேலை: சமைத்தல். இங்கேதான் ஒரு கண்டிப்பான நிபந்தனை உண்டு. அந்த மூன்று வேளையும் வழக்கமாகச் சமைப்பவர் சமையலறைக்குள் வரக்கூடாது. கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் கூடாது. தாளில் எழுதியிருப்பதை வாசித்து மற்றவர்கள் செய்யட்டும். தாளில் விடுபட்டுப்போனது எது என்று அப்பொழுதுதான் தெரியவரும். "குக்கரில் எத்தனை விசில்?" என்று எழுதியிருக்க மாட்டீர்கள். "பருப்பு வெந்த பிறகுதான் புளி விடவேண்டும்" என்று எழுதியிருக்க மாட்டீர்கள். அவற்றைச் சேர்த்து எழுதுங்கள். கொதிக்கும் எண்ணெயும் குக்கரும் உள்ள இடத்தில் சிறு பிள்ளைகளைத் தனியே விடாதிருங்கள். அவர்கள் கறிவேப்பிலை உருவலாம், பூண்டு உரிக்கலாம், தாளை உரக்க வாசிக்கலாம்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

அன்பான சகோதரிகளே, இதில் உங்களுக்கும் ஒரு கடமை உண்டு. குழம்பு சற்று நீர்த்துப்போயிருக்கும். காய் ஒழுங்காக நறுக்கப்பட்டிராது. மேடை முழுவதும் மஞ்சள் சிந்தியிருக்கும். "தள்ளுங்கள், நானே செய்துவிடுகிறேன்" என்று எழும்பத் தோன்றும். எழும்பாதிருங்கள். அந்த ஒரு வார்த்தையே பல வீடுகளில் கணவரையும் பிள்ளைகளையும் சமையலறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. நம் இடத்தை யாராவது எடுத்துக்கொண்டால் நம் மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற பயம் சிலருக்கு உண்டு. நீங்கள் இல்லாதபோதும் உங்கள் பிள்ளைகள் உங்கள் கையளவில் சமைத்து உண்பார்களானால், அது உங்களுக்கு மதிப்பேயன்றிக் குறைவன்று.

சகோதரர்களே, ஒருவேளை சமைத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம். பாத்திரம் கழுவி, மேடையைத் துடைத்த பிறகே அன்றைய சமையல் முடிகிறது. பெட்டி விற்கும் நிறுவனங்கள்கூட அந்த வேலையை வீட்டாருக்கே விட்டுவிட்டன!

ஞாயிறு மதியம்

வெளிதேசத்துப் பெட்டி ஒரு குடும்பத்துக்கு ஒத்துவருமா என்பதற்கு விலை, ருசி, குப்பை என்று பல கணக்குகள் உண்டு. நீங்களே கட்டிய பெட்டிக்கு ஒரு கணக்குப் போதும். அது ஞாயிறு மதியத்தில் விளங்கும்.

நம் ஆராதனைகள் முடிய ஒரு மணி ஆகிறது. அதற்குப் பின்பு சகோதர சகோதரிகள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டு நிற்பது வழக்கம். வாரம் முழுவதும் தனியே இருக்கும் ஒரு குடியேறிய குடும்பத்துக்கு அந்தச் சில நிமிடங்கள் எவ்வளவு விலையேறப்பெற்றவை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் சபையின் பின்வரிசையைப் பாருங்கள். கடைசி ஜெபம் முடியுமுன்னே செருப்பைத் தேடிக்கொண்டு சில தாய்மார்கள் விரைந்து போவார்கள். அடுப்பு அவர்களை அழைக்கிறது. விசாரிக்க ஒருவரும் இல்லாமலும், தன் பாரத்தை ஒருவரிடமும் சொல்லாமலும் அவர்கள் போய்விடுகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, 'ஞாயிறு' என்று எழுதிய டப்பா உங்கள் சமையலறை மேடையில் இருக்கும். பருப்பு அளந்திருக்கும், பொடி அளந்திருக்கும், தாள் மடித்திருக்கும். கணவரும் மூத்த பிள்ளையும் முன்னதாக வீட்டிற்குப் போய்க் குக்கரை ஏற்றட்டும். உங்கள் மனைவி, அல்லது உங்கள் தாய், அன்றைக்கு மாத்திரமாவது அவசரமின்றி நின்று மற்றவர்களோடு பேசிவிட்டு வரட்டும். அவர் வாசலில் கால் வைக்கும்போது தாளிக்கும் வாசனை அவரை வரவேற்கட்டும்.

சாம்பாரில் உப்புக் குறைந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த வாரத் தாளில் கால் தேக்கரண்டி கூட்டி எழுதிக்கொள்ளுங்கள்.